மணி என்ன சிஸ்டர்

சிஸ்டர் இல்லை நான்.
சட்டையில் குத்திய அட்டை
பயிற்சி மாணவி என்கிறது.
அச்சகத்தில் ஒரு கொம்பு விட்டுப்போய்
நாகஜோதி, நாகஜாதி ஆகிக் கிடக்கிறேன்.
மாற்றித்தர எண்பது ரூபாய் என்றார்கள்.
இருந்துவிட்டுப் போகட்டும்.

வாரத்தில் மூன்று ராத்திரி
காரைக்குடி, செக்காலை ரோட்டு ஆஸ்பத்திரி.
மாசம் ஆறாயிரம்,
அது ஃபீஸில் பாதிக்குக்கூடக் காணாது.
ஊசி போட எனக்கு அனுமதியில்லை.
போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடிக்கலாம்.
சொட்டு எண்ணலாம், பெட்பேன் எடுக்கலாம்,
காய்ச்சல் பார்த்துக் கட்டத்தில் புள்ளி வைக்கலாம்.

ஆண்கள் வார்டு வாடகை வீட்டின் பழைய கூடம்.
பூப்போட்ட சிமெண்ட் கல் பாவிய தரை.
ரத்தம் சிந்தினால்
எது பூ எது ரத்தம் என்று
துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செவ்வாய் ராத்திரி, ஒன்பதாம் கட்டிலில் அடைக்கலம்.
புதுவயல் ரைஸ்மில்லில்
பெல்ட் அறுந்து விலாவில் அடித்திருக்கிறது.
வெளியே உள்ளங்கை அகலத்தில் ஒரு கன்றல்,
வேறொன்றுமில்லை.
காலையில் ஸ்கேன் என்று எழுதியிருந்தது.

மணி என்ன சிஸ்டர்?
ஒண்ணு பத்து, தூங்குங்கண்ணே.

மடியில் மறுநாள் டெஸ்ட்டுக்கான நோட்டு.
ஷாக், பக்கம் நாற்பத்தொன்று.
இரண்டு வரி படித்தால் ஒரு வரி தூக்கம்.

மணி என்ன சிஸ்டர்?
இப்பத்தானே சொன்னேன் என்றேன்.
என் குரலில் முள் இருந்தது, எனக்கே கேட்டது.
அவர் போர்வையை உதறினார், மடித்தார்,
மறுபடி விரித்தார்.

மூன்றாவது தடவை கேட்டபோதுதான் நிமிர்ந்தேன்.
அவருக்கு நேர் எதிரே
தட்டு அகலத்தில் சுவர்க்கடிகாரம்.
அதையே பார்த்துக்கொண்டு கேட்கிறார்
மணி என்ன என்று.

கையைத் தொட்டால்
மண்பானையின் அடிபோல ஈரம், சில்லிப்பு.
நாடி நூலாக ஓடுகிறது, நூற்றி முப்பது.
அக்கா என்று கத்தினேன்.
சகாயராணி அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.
அப்புறம் எல்லாம் அவர்களுடைய வேலை:
டாக்டருக்கு போன், இரண்டாவது லைன்,
மில்லிலிருந்து தவிடு ஒட்டிய தலையோடு
ரத்தம் கொடுக்க வந்த நாலு பேர்.
மண்ணீரல் கிழிந்திருந்ததாம்.
தியேட்டர் கதவு சாத்தும்வரை
நான் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

காலை தேவகோட்டை பஸ்.
அமராவதிப்புதூரில் கண் சொருகி
ரஸ்தாவில் கண்டக்டர் எழுப்பினார்.
ஷாக்கின் ஆரம்ப அறிகுறிகள் ஐந்து எழுதுக.
நாலு எழுதினேன், புத்தகத்தில் இருந்தபடி.
ஐந்தாவதாக:
நோயாளி மணி கேட்டுக்கொண்டே இருப்பார்.
குளோரி மேடம் அரை மார்க் போட்டு
பக்கத்தில் சிவப்பில் எழுதினார்:
ரெஸ்ட்லெஸ்னெஸ் என்று எழுதப் பழகு.

சரிதான். பழகிக்கொள்கிறேன்.
முதல் தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவே
நாற்பது நிமிஷம்.
அதை எந்த சார்ட்டிலும் எழுதவில்லை,
அக்காவிடமும் சொல்லவில்லை.
நல்லவேளை நீ பார்த்தாய் என்று
அவள் என் தோளைத் தட்டியபோது
நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு எனக்குப் பகல் ட்யூட்டி.
அடைக்கலம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.
அவர் மனைவி என் அட்டையை
எழுத்துக்கூட்டிப் படித்தாள்:
நா, க, ஜா, தி. பாம்பு இனமா தாயி?
அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
சிரிக்க வைக்காதே, தையல் இழுக்குது என்றார்.

பிறகு என்னைப் பார்த்து
மணி என்ன சிஸ்டர்?

டீக்குத்தான். தெரியும்,
வாசலில் கேன் வந்துவிட்டது.
ஆனாலும் மணிக்கட்டைப் பிடித்து
ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன்.
எண்பத்திரண்டு.
நாலு அஞ்சு, அண்ணே.
ஆறிப்போயிருக்கும் போ, என்றார்.